குதங்களுக்கு நடுவே ஒரு காடு

திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் ஒப்பந்தச் செய்திதான். யாருக்கு எத்தனை குதம், எத்தனை வருடக் குத்தகை என்று எழுதுவார்கள். அவற்றைச் சூழ்ந்து நிற்கும் காட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. பாலையூற்றுக்காரியான எனக்கு அந்தக் காட்டைப் பற்றித்தான் கவலை.

ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய குதங்கள் இவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீட்டர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் தாக்கியபோது ஒன்று எரிந்து அழிந்தது. பிற்காலத்தில் மேற்பகுதிக் குதங்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

ஆள் புழங்காத நிலத்தில் முதலில் முள்ளுப்பற்றை படரும். பிறகு பறவையும் குரங்கும் போடும் கொட்டைகளிலிருந்து பாலையும் வீரையும் தலைகாட்டும். பாலை அவசரப்படாத மரம். பெருமரமாக ஒரு மனித ஆயுள் போதாது. அதன் பழம் சுண்டுவிரல் நுனியளவு, நல்ல மஞ்சள். நாலைந்து தின்றாலே பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தால்தான் விடும். கச்சான் அடித்துக் குளங்கள் வற்றும் மாதங்களில்தான் அது பழுக்கும். மானுக்கும் மந்திக்கும் இருவாட்சிக்கும் அந்த நேரத்தில் அதைவிட்டால் வேறென்ன இருக்கிறது?

2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. வேலை நடக்கட்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் தொழில் வேண்டும். குதத்தை ஒட்டிய பற்றையை வெட்டத்தான் வேண்டும், தீப்பிடித்தால் ஊரே போய்விடும். ஆனால் குதத்துக்கும் குதத்துக்கும் இடையில் உள்ள மரங்களையும் ஏன் டோசர் போட்டுத் தள்ள வேண்டும்? நகரத்துக்குள் மான்கள் குப்பையில் பொலித்தீன் மெல்வதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். காட்டை இழந்த யானை ஊர்மனைக்குள்தான் வரும்.

ஆந்திராவில் ஸ்ரீஹரிகோட்டாவைப் பாருங்கள். 1971 முதல் ராக்கெட் ஏவும் தீவு அது. நெருப்பும் எரிபொருளும் புழங்கும் அந்த வேலிக்குள்ளேயே இதே பாலை மரங்கள் நிற்கும் காட்டையும் வைத்திருக்கிறார்கள்.

இங்கேயும் வேலை தொடங்குமுன் பெருமரங்களை எண்ணி இலக்கமிட வேண்டும். மிருகங்கள் போய்வரும் பாதையை வரைபடத்தில் குறிக்க வேண்டும். பழக்காலத்தில் வெட்டு வேலை கூடாது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைத் தமிழிலும் சனங்களின் கையில் கொடுக்க வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டத்தில் இடமிருக்கிறது. பாலையூற்று, சீனக்குடா, கப்பல்துறை ஆட்கள் அதை எழுத்தில் கொடுப்போம்.