வாடகை மலிந்து கிடந்த ஊர்

1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது டெக்சாஸ் மாநிலமே ஆட்டம் கண்டது. வங்கிகள் திவாலாகின. தலைநகர் ஆஸ்டினில் கடன் வாங்கிக் கட்டிய கட்டடங்களுக்குக் குடிவர ஆளில்லை. ஒரு நகரத்துக்கு இதைவிடக் கெட்ட காலம் வராது. ஆனால் படிப்பை முடித்தும் முடிக்காமலும் அங்குள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேற்குத் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது பொற்காலம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டைப் பிடித்தால், வாரத்தில் சில நாள் ஏதாவது வேலை பார்த்தே மாதத்தை ஓட்டிவிடலாம். மிச்சப் பொழுதெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சைத்தான் 1989 கோடையில் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 16 எம்எம் பிலிமில் பிடித்தார். அப்போது அவருக்கு முப்பது கூட ஆகவில்லை. கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் சினிமாவுக்குள் வந்தவர். படத்தின் பெயர் ‘ஸ்லாக்கர்’. செலவு சுமார் 23,000 டாலர். கேமரா ஒருவர் பின்னால் போகும்; அவர் வழியில் இன்னொருவரைச் சந்திப்பார்; உடனே முதல் ஆளை அங்கேயே விட்டுவிட்டு இவர் பின்னால் கிளம்பிவிடும். விட்டவர் திரும்பி வருவதில்லை. இப்படியே ஒரு நாள் முழுக்கக் கிட்டத்தட்ட நூறு பேர். யாருக்கும் பெயர் சொல்லி அறிமுகம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, வில்லன் கிடையாது. பாடகி மடோனாவின் மருத்துவப் பரிசோதனை மாதிரி என்று ஒரு பாட்டிலை விற்க அலைகிறாள் ஒரு பெண். கென்னடி கொலையைப் பற்றித் தான் எழுதும் புத்தகத்தை மூச்சுவிடாமல் விளக்குகிறார் ஒருவர். திருட வந்த பையனை உட்காரவைத்து அராஜகவாதம் பேசுகிறார் ஒரு முதியவர். அந்தப் பாத்திரத்தில் நடித்த லூயிஸ் மேக்கி, அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே தத்துவப் பேராசிரியர். சில காட்சிகள் இழுவைதான்; அந்த இழுவையும் சேர்ந்ததுதான் அந்த ஊர் என்று எனக்குத் தோன்றும்.

1990 ஜூலையில் படம் அங்கேயே டோபி திரையரங்கில் ஓடியது. டோபி என்பது திரையரங்குக்கு மட்டுமான கட்டடமல்ல. அதன் மாடிகளில் மாணவர் விடுதி. 1984இல் அந்த விடுதியின் ஓர் அறையில்தான் மைக்கேல் டெல் என்ற மாணவர் கம்ப்யூட்டர்களைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தார். ஆஸ்டினின் பின்னாளைய இரண்டு முகங்களும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்திருக்கின்றன. ஜெயித்தது மாடி அறை. திரையரங்கை 2010இல் மூடிவிட்டார்கள்.

1990இல் சுமார் 4.65 லட்சமாக இருந்த ஆஸ்டினின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 9.6 லட்சத்தைத் தாண்டியது. ஐடி வேலைக்குப் போன சொந்தக்காரர் யாராவது அங்கே இருப்பதாக இன்று நம்மிலும் பலர் சொல்லக் கேட்கலாம். 2021இல் டெஸ்லாவும் தலைமையகத்தை அங்கே மாற்றிக்கொண்டது. படத்தில் வெட்டிப்பேச்சு நடக்கும் லெஸ் ஆமி காபிக்கடை தொண்ணூறுகளிலேயே போய்விட்டது; அந்த இடத்தில் ஸ்டார்பக்ஸ் வந்தது. நொந்துகொள்வதில் ஒரு சங்கடமும் உண்டு. ‘வேலை வெட்டி இல்லாத கலைஞர்களின் ஊர்’ என்று ஆஸ்டினுக்கு வெளியே பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்தப் படத்துக்கும் பங்கிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு வந்தவர்களும் சேர்ந்துதான் வாடகையை ஏற்றினார்கள்.

அன்று பிலிம் சுருளுக்கும் லேபுக்கும்தான் காசு போதவில்லை. நடிக்க வந்தவர்களுக்கு நேரம் கொட்டிக்கிடந்தது. இன்று கேமரா எல்லோர் பையிலும் இருக்கிறது, ஒரு கோடை முழுக்கச் சும்மா வந்து நிற்க நூறு பேர் கிடைக்கமாட்டார்கள். 2011இல் ஆஸ்டின் இயக்குநர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்சிகளைப் பங்கு போட்டுக்கொண்டு அதே படத்தைத் திரும்ப எடுத்தார்கள். லிங்க்லேட்டர் 1985இல் தொடங்கிய ஆஸ்டின் ஃபிலிம் சொசைட்டிக்கு நிதி திரட்டத்தான் அந்த முயற்சி. அந்தச் சொசைட்டி இப்போது பழைய விமான நிலையத்தின் கொட்டகைகளில் ஸ்டூடியோ நடத்துகிறது. படம் எடுப்பவர்கள் ஊரில் குறைந்துபோகவில்லை. சும்மா இருப்பவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

பழையதெல்லாம் சொர்க்கம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. படத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 1928இல் நகரத் திட்டம் போட்டுக் கறுப்பின மக்களைக் கிழக்கு ஆஸ்டினுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இடையில் பின்னாளில் நெடுஞ்சாலை வந்தது. அந்தப் பக்கத்துப் பேச்சு கேமராவின் காதில் விழவே இல்லை. விலையேற்றத்தில் வரியும் வாடகையும் கட்டமுடியாமல் முதலில் வெளியேறியவர்களில் அந்தக் குடும்பங்கள் உண்டு. மேற்குத் தெரு இளைஞர்களின் இழப்பைச் சொல்ல ஒரு படமாவது இருக்கிறது.

2022க்குப் பிறகு ஆஸ்டினில் வாடகை மறுபடி இறங்கத் தொடங்கியது. இந்த முறை காரணம் திவால் அல்ல. அடுக்குமாடிகளை ஏராளமாகக் கட்டிக் குவித்ததுதான். 2023 டிசம்பரில் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்று மாநகராட்சி விதியையும் தளர்த்தியது. இறங்கியும்கூட, வாரத்தில் சில நாள் வேலை பார்த்துச் சமாளிக்கிற அளவுக்கு அது இன்னும் வரவில்லை.