யார் முதலில் போவது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கரமனை தாண்டியதும் சாலை அகலமாக இருக்கும். நடுவில் தடுப்பு உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே போகலாம். பிராவச்சம்பலம் வரை சாலையை இப்படி அகலப்படுத்திய பிறகும், பாலராமபுரத்தில் அது பல ஆண்டுகள் குறுகியே கிடந்தது. கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. சாலையை ஒட்டியே கடைகள் இருந்தன. இரண்டு வரிசையில் வந்த வண்டிகள் அங்கே ஒரே வரிசையாக வேண்டும். யார் முன்னால் போவது? யார் வழிவிடுவது?

"பெரிய வண்டிக்குத்தான் வழி" என்பார்கள் சிலர். "யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ, அவருக்குத்தான்" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சட்டத்தில் இல்லை.

மத்திய அரசு 1989-இல் சாலை விதிகளை வெளியிட்டது. 2017-இல் புதிய விதிகள் வந்தன. சிறிய சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வருபவர்தான் வழிவிட வேண்டும். கழக்கூட்டம் - கோவளம் பைபாஸில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவரும் அப்படித்தான் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரிச் சாலைகளா? அப்படியானால் நம் வலது கைப் பக்கம் வருபவரை முதலில் விட வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதலிடம்.

சாலை குறுகும் இடத்தில் யாருடைய வரிசை முடிகிறதோ, அவர்தான் பக்கத்து வரிசைக்கு மாறுகிறார். அவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். சிக்னல் விளக்கைப் போட வேண்டும். இடம் கிடைத்த பிறகே நுழைய வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டாலே வழி கிடைத்துவிட்டது என்று நினைப்பது தவறு.

நெரிசலில் எல்லா வண்டியும் ஊர்ந்து போகும்போது இடமே கிடைக்காதே? ஜெர்மனி நாட்டில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பையில் உள்ள ஜிப்பைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல். அப்படியே வண்டிகளும் ஒன்றுவிட்டு ஒன்று போக வேண்டும். வரிசை முடியும் இடம் வரை வந்துதான் சேர வேண்டும். நம் ஊரில் அப்படிக் கடைசி வரை வருபவரை "குறுக்கே புகுந்தவன்" என்று திட்டுவோம். ஆனால் எல்லோரும் முன்கூட்டியே ஒரே வரிசைக்கு மாறினால், ஒரு பாதி சாலை காலியாகக் கிடக்கும். வரிசையின் வால் நீண்டு பின்னால் உள்ள சந்திப்பையும் அடைத்துவிடும். ஜிப் முறை நமக்கும் ஒத்துவரும் என்றே தோன்றுகிறது.

சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போகிறீர்களா? சாலை குறுகும் இடத்தில் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள். பஸ்ஸின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் உங்களையும் அவருக்குத் தெரியாது. பஸ் இடப்பக்கம் ஒதுங்கினால் ஓரத்தில் இருப்பவர் சக்கரத்தில் சிக்குவார்.

கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளிகள் பலர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஆம்புலன்சின் சங்கு கேட்டால், முன்னே சொன்ன எந்த விதியையும் காட்டி நாம் முந்த முடியாது. அவசரமாகப் போகும் ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 2019-இல் வந்த சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சட்டென்று பிரேக் போடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள். அது கிடைத்த வழியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஒதுங்கி நின்ற வண்டிகள் திரும்ப உள்ளே வரும்போது, அவர்கள்மேல்தான் மோதும்.