ஆற்றுக்கு வடகரை என்பதால் தா.பழூர் டெல்டா இல்லையா?

தா.பழூர்க்காரர் ஒருவரிடம் 'டவுனுக்கா கிளம்பிட்டீங்க?' என்று கேட்டால், 'எந்த டவுன்?' என்று அவரே திருப்பிக் கேட்பார். கல்யாணப் புடவை, பாத்திரம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கொள்ளிடத்தைத் தாண்டி கும்பகோணம். பட்டா, சான்றிதழ் வேலை என்றால் ஜெயங்கொண்டம். பெயர் உடையார்பாளையம் தாலுகா என்றாலும் தாலுகா ஆபீஸ் இருப்பது ஜெயங்கொண்டத்தில்தான். கலெக்டரிடம் மனு கொடுக்கணும்னா அரியலூர். மூன்றில் அதுதான் தூரம்.

மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் நடுவே கொள்ளிடத்தில் பாலம் வந்த பிறகு, இந்தக் கணக்கில் கும்பகோணத்தின் பங்கு கூடிவிட்டது. முன்பு பஸ்ஸில் போக வேண்டுமானால் கிழக்கே அணைக்கரை வரை சுற்ற வேண்டும். இப்போது ஜெயங்கொண்டம் - தா.பழூர் - கும்பகோணம் என்று ஒரே நேர் ரோடு. ஒன்றியத் தலைமையிடமாக இருந்தும் தா.பழூர் இன்னும் கிராம ஊராட்சிதான், பேரூராட்சிகூட ஆகவில்லை. ஆனால் ரோட்டோரக் கடைகளையும் மனைப்பிரிவுக் கற்களையும் பார்ப்பவர்களுக்கு அது கிராமமாகத் தெரியாது.

வளரும் ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மாதிரி வளரப் போகிறது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்கும் விஷயங்களில் ஒன்று, கேட்டால் விநோதமாக இருக்கும்: தா.பழூர் காவிரி டெல்டாவில் சேர்த்தியா, இல்லையா?

சட்டத்தில் காணாமல் போன மாவட்டம்

2020 பிப்ரவரி 9 அன்று, சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப் போவதாகச் சொன்னார். அன்றைய அறிவிப்பில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு திருச்சி, கரூர், அரியலூர் பெயர்களும் இருந்தன. அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியபோது இந்த மூன்று பெயர்களும் இல்லை.

சட்டத்துக்குள் வந்தவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். கூடவே கடலூரில் 5 ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் 5 ஒன்றியங்கள். இந்தக் கடைசி வரிதான் தா.பழூருக்கு உறுத்துகிறது. கடலூர், புதுக்கோட்டை இரண்டையும் முழு மாவட்டமாகச் சேர்க்காமல், காவிரித் தண்ணீர் பாயும் ஒன்றியங்களை மட்டும் பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஒன்றிய அளவில் பிரிக்க முடியும் என்றால் அரியலூரில் தா.பழூரையும் திருமானூரையும் அப்படியே எடுத்திருக்கலாம். இரண்டுமே கொள்ளிடக் கரையை ஒட்டியவை.

வரைபடத்தை விரித்தால் நிலைமை இன்னும் வேடிக்கையாகத் தெரியும். தெற்கே பாலம் தாண்டி நீலத்தநல்லூரில் கால் வைத்தால் பாதுகாக்கப்பட்ட மண்டலம். கிழக்கே அணைக்கரைக்கு அந்தப் பக்கம் காட்டுமன்னார்கோவில் ஒன்றியம், அதுவும் பாதுகாக்கப்பட்ட மண்டலம். நடுவில் இருக்கும் தா.பழூர் மட்டும் வெளியே.

ஆறு எப்படி எல்லைக்கோடு ஆனது?

இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. அது முழுக்க நியாயமில்லாத காரணம் என்றும் சொல்ல முடியாது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகவே தொடர்கிறது, வடகிளை கொள்ளிடம். கல்லணையிலிருந்து பிரியும் பாசன ஆறுகளும் கால்வாய்களும் தெற்கே போகின்றன. காவிரி, வெண்ணாறு, 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய் என எல்லாமே அந்தப் பக்கம். கொள்ளிடத்துக்குக் கிடைத்த வேலை வேறு. மிஞ்சிய வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தென்கரைக்கு முறைவைத்துத் தண்ணீர் வரும். வடகரையில் ஒன்று ஆறு காய்ந்து மணலாகக் கிடக்கும், இல்லையென்றால் 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் வந்தது போல லட்சம் கனஅடிக்கு மேல் பொங்கி வரும். 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட அணைக்கரை கீழணைதான் கொள்ளிடத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பிய பெரிய ஏற்பாடு. அதன் வடக்குப் பலனும் பெரும்பாலும் வடவாறு வழியே வீராணத்துக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் போய்விடுகிறது.

மாவட்ட எல்லையும் இதே ஆற்றில்தான் விழுந்தது. தென்கரை தஞ்சாவூர் ஜில்லா, வடகரை திருச்சி ஜில்லா. 'டெல்டா' என்றதும் அதிகாரிகள் மனதில் வருவது பழைய தஞ்சாவூர் ஜில்லாதான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது, 2002-ல் திரும்பச் சேர்க்கப்பட்டது, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. பிரித்துப் பிரித்துச் சேர்த்த இந்த அலைச்சலில் மாவட்டத்துக்கு ஒட்டிக்கொண்ட அடையாளம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் லாரியும். டெல்டா என்ற அடையாளம் ஒட்டவேயில்லை.

ஆனால் தா.பழூரில் இறங்கி மண்ணைப் பார்த்தால் கதை வேறு. வடக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணும் முந்திரியும். தெற்கே இறங்க இறங்க வண்டல், நெல், வரப்போரத் தென்னை. பொன்னாறு வாய்க்கால் பாயும் ஊர்களில் பேச்சும் டெல்டா பேச்சுதான்: மேட்டூர் எப்போ திறப்பாங்க, கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாள் காத்துக் கிடக்கணும், மழையில் நெல் நனையுமா. (அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனின் தென்கச்சிபெருமாள்நத்தம் இந்தப் பக்கம்தான். அவர் விவசாயம் படித்தவர்.)

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2021-ல் டெல்டா மாவட்டங்களுக்குக் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தபோது அரியலூரும் அதில் இருந்தது. மேட்டூர் திறப்புக்கு முன்னால் நடக்கும் டெல்டா தூர்வாரும் பணியிலும் அரியலூர் உண்டு. உரம் கொடுக்கும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் டெல்டா. சட்டம் போடும்போது மட்டும் இல்லை.

சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

2020 சட்டம் எல்லாத் தொழிலையும் தடுக்கும் சட்டம் இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. புதிதாகத் தொடங்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்புத்தாது ஆலைகள், தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் ஆலை, அப்புறம் முக்கியமாக எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் காஸ் போன்றவற்றுக்கான ஆய்வும் துளையிடுதலும் எடுத்தலும். ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடாது. சாலை, மின்சாரம், குடிநீர்த் திட்டங்களுக்கும் தடையில்லை.

'மண்டலத்துக்குள்ள போயிட்டா நம்ம பசங்களுக்கு வேலை வராது' என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். பக்கத்தில் நடப்பதை வைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனமான டீன் ஷூஸின் காலணித் தொழிற்சாலைக்கு முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. பெரம்பலூர் எறையூர் சிப்காட்டிலும் காலணி ஆலைதான். இவை தோல் அல்லாத காலணிகள் செய்பவை. சட்டத்தின் பட்டியலில் இருப்பது தோல் பதனிடுதல், ஷூ தைப்பது இல்லை. ஆகவே தா.பழூர் மண்டலத்துக்குள் வந்தால் ஜெயங்கொண்டத்து ஷூ கம்பெனிக்கு தினமும் பஸ் ஏறப் போகும் பெண்களுக்கு எதுவும் குறைந்துவிடாது. சிமெண்ட், நிலக்கரியை நம்பிய ஒரு மாவட்டத்தில் இந்த மாதிரி வேலை வருவதே ஒரு பெரிய திருப்பம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டு முறை தப்பித்தது

சட்டத்துக்கு வெளியே இருப்பதன் விலை என்ன என்று 2021-லேயே ஒரு முன்னோட்டம் கிடைத்தது. அந்த ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10, கடலூரில் 5 என்று ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டிருந்தது வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அரியலூரைப் பொறுத்தவரை தடுத்தது 2020 சட்டம் இல்லை, அன்றைக்கு எடுத்த முடிவு. நாளைக்கு வேறு முடிவும் எடுக்கலாம்.

அடுத்தது 2023. மார்ச் 29 அன்று மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து மூன்று இடங்கள்: கடலூரின் சேத்தியாத்தோப்பு கிழக்கு, தஞ்சாவூரின் வடசேரி, அரியலூரின் மைக்கேல்பட்டி. ஏப்ரல் 4 அன்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில், தானும் டெல்டாக்காரன்தான், அனுமதிக்க மாட்டேன் என்று பேசினார். ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி மூன்று இடங்களும் நீக்கப்படுவதாக அறிவித்தார். பத்தே நாளில் முடிந்துபோனது.

செய்தியில் எல்லாரும் மூன்றையும் ஒன்றாகத்தான் பார்த்தார்கள். கடிதம் அப்படிப் பார்க்க முடியவில்லை. சேத்தியாத்தோப்பு, வடசேரி இரண்டும் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் இருக்கின்றன என்று சட்டப்பிரிவைக் காட்ட முடிந்தது. மைக்கேல்பட்டிக்கு வந்தபோது, வளமான நெல் விளையும் பகுதியை ஒட்டியிருக்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டு ஊருக்குச் சட்டம் பேசியது, மூன்றாவது ஊருக்கு அக்கம்பக்கத்து உறவு பேசியது.

நிலக்கரி ஏலம் மத்திய அரசின் கையில். மாநிலச் சட்டம் ஒன்று மட்டும் போதுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனாலும் கையில் ஒரு சட்டத்தோடு டெல்லிக்குப் போவதும் வெறும் கோரிக்கையோடு போவதும் ஒன்றாகாது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

'ஏலத்திலிருந்துதான் எடுத்துட்டாங்களே, இன்னும் என்ன?' என்று கேட்பவர்கள் ஜெயங்கொண்டத்துப் பழைய கதையைக் கேட்க வேண்டும். 1990-களில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போகிறோம் என்று அங்கே 13 கிராமங்களில் நிலம் கையகப்படுத்தினார்கள். சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. கொடுத்த இழப்பீடு போதாது என்று வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

நிலம் கண்ணெதிரே இருக்கும். விதைக்கலாம், அறுக்கலாம். ஆனால் பத்திரத்தில் அது உங்களுடையது இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று வரும்போது அதை விற்க முடியாது, அடமானம் வைத்து பேங்கில் கடன் வாங்கவும் முடியாது. இப்படி ஒரு தலைமுறையே போனது. கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. 1990-களில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

தா.பழூர்க்காரர்களுக்கு அந்த ஊர்களில் மாமனும் மச்சானும் இருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது என்ற பேச்சு வந்தாலே, சுரங்கம் வருவதற்கு முன்பே நிலத்தின் விலையும் வீட்டின் நிம்மதியும் போய்விடும் என்பது அவர்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை.

இனி சேர்க்க முடியுமா?

முடியும். நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான மயிலாடுதுறையின் பெயரை 2023-ல் சட்டத் திருத்தம் மூலம் சேர்த்தார்கள். அது ஏற்கெனவே மண்டலத்துக்குள் இருந்த பகுதி, பெயரை மட்டும் சரிசெய்தார்கள் என்பது உண்மைதான். அட்டவணையைத் திருத்த வழி இருக்கிறது என்பதும் உண்மை. முழு அரியலூரையும் சேர்த்தால் சிமெண்ட் ஆலைகள் கேள்வி கேட்கும் என்றால், கடலூருக்குச் செய்தது போல ஒன்றியத்தின் பெயரை மட்டும் எழுதலாம். இரண்டே ஒன்றியம்தான்: திருமானூர், தா.பழூர். இந்தப் பகுதி விவசாயிகள் 2020-லிருந்து கேட்பதும் இதைத்தான்.

தா.பழூர் வருவது ஜெயங்கொண்டம் சட்டமன்றத் தொகுதிக்குள், சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் ரோடு, பஸ், கொள்முதல் நிலையத்தோடு சேர்த்து இதையும் கேட்கலாம்: சட்டத்தின் அட்டவணையில் எங்க ஒன்றியத்தின் பெயர் எப்போ வரும்?