டம்டம் பாறையில் விழுந்த மரம்

ஐப்பசி மழை கொடைக்கானலை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. ராத்திரி மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. காலையில் நாயுடுபுரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து: டிஸ்க்கைப் படிப்பதில் பிழை, மறுபடி தொடங்கவும். மறுபடி தொடங்கினால் அதே இரண்டு வரி. மகளின் கல்யாணப் படங்கள், பேரனின் முதல் வருஷம், எல்லாம் அதற்குள்தான். "எல்லாமே போச்சா தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாமும் நிதானமாகப் பதில் தேடுவோம். டீ கொதிக்கட்டும். அதுவரை கம்ப்யூட்டரை அணைத்தே வைப்போம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னச் சில்லு. அதிலுள்ள நிரலைப் பயாஸ் என்பார்கள்; புதிய கம்ப்யூட்டர்களில் அதன் பெயர் யூஇஎஃப்ஐ. விடியற்காலையில் சாவியோடு வந்து கடை ஷட்டரைத் தூக்குகிற ஆள் மாதிரி அது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு ஹார்டு டிஸ்க்கைத் தேடிப்போய், அதில் குறித்த இடத்தில் இருக்கும் ஒரு சிறு நிரலை எழுப்பும். அந்த நிரல் விண்டோஸை எழுப்பும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சாவி மாறும் இந்த வேலைக்குத்தான் பூட் என்று பெயர். நடுவில் ஒரு கை நீளாவிட்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

இங்கேதான் எல்லோரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறோம்: பூட் ஆகவில்லை என்றால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று. வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் காட் ரோட்டை நினைத்துப் பாருங்கள். டம்டம் பாறைக்குப் பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், கீழேயிருந்து வரும் பஸ் அத்தனையும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. கீழே காத்திருப்பவருக்குக் கொடைக்கானலே இல்லாமல் போன மாதிரி இருக்கும். மேலே ஏரி அதே இடத்தில்தான் கிடக்கிறது. பூட் ஆவதற்கு வேண்டிய கோப்புகள் டிஸ்க்கில் ஒரு சிறு பகுதி. படங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஊருக்குள்ளும் இரண்டு வீடு இடிந்திருக்கலாம். ஆனால் அதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, மரம் எப்படி விழுந்தது? ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போல வழவழப்பான வட்டத் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு முனை, காந்தப் புள்ளிகளாக எழுதுவதும் படிப்பதுமாக ஓடுகிறது. முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியில் எழும் காற்றே மெத்தையாகி அதைத் தாங்குகிறது. அந்த இடைவெளி, தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூசியோ அதிர்ச்சியோ வந்து முனை தட்டில் உரசினால், அந்த இடத்தில் எழுதியிருந்தது போய்விடும். உரசலில் உதிர்ந்த பொடி அடுத்த உரசலுக்கு வழி செய்யும். பழுதான டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மலைமேல் காற்று லேசானது, அதனால்தான் டிஸ்க் கெடுகிறதோ என்றும் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. நம் ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் சாதாரண ஹார்டு டிஸ்க்குகளைச் சுமார் 3,000 மீட்டர் வரை ஓடும்படிதான் செய்கிறார்கள். டிஸ்க்கின் மேல்மூடியைக் கவனித்தால் ஊசித்துளை போல ஒன்று தெரியும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு உள்ளே உள்ளதைச் சமன் செய்ய, வடிகட்டி வைத்த மூக்கு அது. ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவதுதான் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது.

கரண்ட் போனால் இரண்டு விதமான சேதம் வரலாம். டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நிலக் கணக்கு மாதிரி. கணக்கு எழுதும்போது பேனா பறிபோனால் வரி பாதியில் நிற்கும். நிலம் அப்படியேதான் இருக்கும். இது பதிவேட்டுச் சேதம். இன்னொன்று நிலமே சரிவது: தட்டில் ஒரு துண்டு படிக்க முடியாமல் போவது. அந்தத் துண்டை செக்டர் என்பார்கள், பழுதானால் பேட் செக்டர்.

இப்போது மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். விண்டோஸில் செக்டிஸ்க் என்றொரு கருவி இருக்கிறது. சில சமயம் அது தானாகவே ஓடத் தயாராகி, வேண்டாமென்றால் ஒரு விசையை அழுத்தச் சொல்லி நொடிகளை எண்ணும். பழுது பார்க்கிறது என்றதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அது சரிசெய்வது பதிவேட்டை. தட்டில் விழுந்த கீறலை எந்த மென்பொருளாலும் ஆற்ற முடியாது. உடம்பு முடியாத டிஸ்க்கில் அதை மணிக்கணக்காக ஓட்டினால், மிச்சமிருக்கும் மூச்சும் அதிலேயே செலவாகிவிடும். கணக்கில் ஒட்டாத துண்டுகளை அது பெயரில்லாமல் ஒரு மூலையில் குவித்தும் வைத்துவிடும். அதனால் முதலில் நகல், பிறகுதான் பழுது. இந்த ஒரு வரிசை நினைவிலிருந்தால் போதும்.

அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் எடுத்து மறுபடி அழுத்திச் சொருகினோம். சில சமயம் இதோடேயே சரியாகிவிடும். பயாஸ் திரையில் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கிறதா என்று பார்த்தோம். போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதையே கம்ப்யூட்டர் மறந்திருக்கலாம். இரண்டும் காரணமில்லை. டிஸ்க்கில் காது வைத்துக் கேட்டோம்: சீரான ரீங்காரம். டிக், டிக் என்று தட்டுகிற சத்தம் வந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, தூசியில்லா அறை வைத்து டேட்டா மீட்கிற ஆட்களிடம் கொடுத்திருப்போம். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்க வேண்டாம்; வெளியே எடுத்ததும் மேலே ஈரம் பூக்கும்.

வத்தலக்குண்டு வழி அடைபட்டால் பழநி வழியாக ஏறி பெருமாள்மலையில் வந்து சேருவோம் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு மாற்று வழி உண்டு. வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே தொடங்கினோம். நிறுவச் சொல்லிக் கேட்கும்; நிறுவாமல் முயன்று பார்க்கிறேன் என்பதைத் தேர்ந்தால் டிஸ்க்கில் எதையும் எழுதாது. புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பூட்டியிருக்கலாம். அப்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் 48 இலக்கச் சாவி வேண்டும். அக்காவின் டிஸ்க்கில் பூட்டில்லை. கல்யாணம் என்ற ஃபோல்டர் திரையில் வந்தது. அதைத்தான் முதலில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். நான்கு படங்கள் பாதி சாம்பலாக வந்தன, மற்றவை முழுசாக. இன்னும் மோசமான டிஸ்க்காக இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் துண்டுகளைக் கடைசியில்தான் தொடும். பழைய டிஸ்க்கை மறுபடி நம்ப வேண்டாம். புதியதில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளலாம்.

நம் ஊர்ச் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நூறாண்டுக்கு மேல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் இருந்த அந்தப் படங்கள் இப்போது டிஜிட்டல் நகல்களாகவும் இருக்கின்றன. 1904-ன் சூரியனை இன்னொரு முறை படமெடுக்க முடியாது. பேரனின் முதல் வருஷமும் அப்படித்தான். அக்கா இப்போது அமாவாசைதோறும் படங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைக்கிறார். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே கிடந்தால் ஒரே இடி இரண்டையும் கொண்டுபோய்விடும் என்று அவரே எனக்குச் சொன்னார். உங்கள் கம்ப்யூட்டர் இன்று நன்றாகத்தானே ஓடுகிறது? டீயைக் குடித்து முடித்ததும் அந்த முதல் நகலை எடுத்துவிடுங்கள்.