நான்கு ஆண்டுகள் காத்திருந்த நவீனம்

துப்பறியும் நவீனங்களில் நாட்டமுடையோர் அகதா கிறிஸ்ரி அம்மையாரை நன்கறிவர். அறுபத்தாறு துப்பறியும் நவீனங்களை இயற்றிப் பெரும்புகழ் ஈட்டிய அவ்வம்மையாரின் முதல் நூல், அச்சேறுதற்கு நான்கு ஆண்டுகள் காத்துக் கிடந்ததென்பதைப் பலர் அறியார்.

1890 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினமாகிய ரோர்க்கீயிற் பிறந்த அகதா, முதலாம் உலக யுத்தம் மூண்டபோது அவ்வூர் ஆஸ்பத்திரியிற் காயமுற்ற போர்வீரர்க்குத் தொண்டாற்றினார். பின்னர் மருந்து கலக்கும் பகுதிக்கு மாறினார். துப்பறியும் கதையொன்றை அவரால் எழுதமுடியாது என்று தமக்கையார் மட்ஜ் முன்னொருகால் விடுத்த சவால் அவர் நெஞ்சில் நிலைத்திருந்தது. சுற்றிலும் நச்சு மருந்துப் போத்தல்கள் இருக்க, கொலைக்கு வேறு கருவி தேடுவானேன்? நமது நாட்டில் வளரும் எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் ஸ்ரிக்னின் என்னும் நஞ்சையே அவர் தேர்ந்தார். யுத்தத்தால் நாடிழந்து ரோர்க்கீயில் அடைக்கலம் புகுந்த பெல்ஜிய அகதிகளின் நினைவு துப்பறிவாளரைத் தந்தது. ஓய்வுபெற்ற பெல்ஜியப் பொலிஸ் அதிகாரி ஹேர்க்கியூல் புவாறோ அவ்வாறே தோன்றினார்.

1916 இல் கதை நடுவழியில் இடர்ப்பட்டது. அன்னையாரின் யோசனைப்படி டாட்மூர் மேட்டுநிலத்து விடுதியொன்றில் இரு வாரம் தங்கி, காலையில் எழுதியும், மாலையில் தனியே உலாவிக் கதைமாந்தர் பேச்சைத் தாமே பேசிப்பார்த்தும் நூலை முற்றுவித்தார்.

ஆயின், பிரசுரகர்த்தர்கள் கைப்பிரதியை ஒருவர்பின் ஒருவராகத் திருப்பியனுப்பினர். இறுதியாக ‘பொட்லி ஹெட்’ நிலையத்துக்கு அனுப்பிய பிரதி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பதிலின்றிக் கிடந்தது. 1919 இல் அவர் ஒரு பெண்மகவுக்குத் தாயானார். கைப்பிரதியை மறந்தேவிட்ட அவ்வேளையில், அந்நிலையத்தின் அதிபர் ஜோன் லேனிடமிருந்து அழைப்பு வந்தது.

லேன் ஒரு திருத்தம் வேண்டினார். இறுதி அத்தியாயத்தில் புவாறோ நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் நின்று மர்மத்தை விளக்குவதாக அகதா எழுதியிருந்தார். நடைமுறைக்கு ஒவ்வாத அக்காட்சியை நீக்கி, வீட்டாரை ஒரு மண்டபத்திற் கூட்டி உண்மையை வெளிப்படுத்துவதாக மாற்றினார். அதுவே பின்னர் புவாறோ கதைகளின் தனி முத்திரையாயிற்று.

ஒப்பந்தமோ தாராளமானதன்று. ஈராயிரம் பிரதிகள் விற்பனையாகும்வரை ஊதியமில்லை. மேலும் ஐந்து நூல்களை அந்நிலையத்துக்கே முதலிற் கொடுத்தல் வேண்டும். நூல் அச்சேறும் மகிழ்ச்சியில் அகதா கையொப்பமிட்டார். தொடர்கதை உரிமையின் பங்காக அவருக்குக் கிடைத்தது 25 பவுண் மாத்திரமே.

‘ஸ்ரைல்ஸ் மாளிகை மர்மம்’ எனப் பொருள்படும் பெயருடன் அந்நூல் 1920 ஒக்ரோபரில் அமெரிக்காவிலும், 1921 சனவரியில் இங்கிலாந்திலும் வெளியாயிற்று. நஞ்சின் இயல்பு பிழையின்றிக் கையாளப்பட்டிருப்பதை மருந்தாளர் சஞ்சிகையொன்று பாராட்டியது. ஆஸ்பத்திரியிற் கற்ற தொழிலுக்குக் கிடைத்த அப்பாராட்டை அம்மையார் பெரிதும் மதித்தார்.

1975 இல் வெளிவந்த ‘திரை’ என்னும் நவீனத்தில் புவாறோவின் வாழ்வு அதே ஸ்ரைல்ஸ் மாளிகையில் முடிவெய்துகின்றது. மறு ஆண்டு அம்மையாரும் மறைந்தார். எழுதியது திரும்பி வந்ததேயென்று மனஞ்சோரும் இளைஞர், பலர் கைமாறித் திரும்பிய அக்கைப்பிரதியை ஒருகணம் எண்ணிப்பார்ப்பாராக!