தோற்கப் பழக்கும் விண்கப்பல்

கணிப்பொறி விளையாட்டு என்று சொன்னாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். பிள்ளைகளுக்குக் கண் கெடும், படிப்பு கெடும், சுபாவமும் கெடும் என்பது பொதுவான அபிப்பிராயம். சில விளையாட்டுகளைப் பார்க்கும்போது அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சில மாதங்களாக என் மகள் வயிற்றுப் பேரனோடு சேர்ந்து ஒரு விண்வெளிப் போர் விளையாட்டை ஆடி வருகிறேன். அதைப் பற்றி நம் இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதன் பெயர் 'எஃப்.டி.எல்.'. 'ஃபாஸ்டர் தேன் லைட்' என்பதன் சுருக்கம். ஒளியை விட வேகமாக என்று பொருள். ஷாங்காயில் ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டு வந்த ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். 2012-ல் 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற இணையதளத்தின் வழியாகப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டார்கள். இரண்டு லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விளையாட்டு வெளியானது. 2014-ல் விரிவாக்கிய பதிப்பும், ஐபேடில் ஆடும் வடிவமும் வந்தன.

கதை எளிமையானது. ஒரு முக்கியமான ரகசியத்தைச் சுமந்துகொண்டு உங்கள் கப்பல் தன் தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எதிரிப் படை பின்னாலேயே துரத்தி வருகிறது. வழியில் எட்டு மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் சிறு சிறு நிறுத்தங்கள். ஓரிடத்தில் கொள்ளையர் நிற்பார்கள். ஓரிடத்தில் கடை இருக்கும். ஓரிடத்தில் யாரோ உதவி கேட்டுக் குரல் கொடுப்பார்கள். கடைசி மண்டலத்தில் எதிரியின் மாபெரும் போர்க்கப்பல் காத்திருக்கும். அதை மூன்று முறை மோதி முறியடிக்க வேண்டும்.

இதில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோ, ரத்தம் தெறிப்பதோ கிடையாது. கப்பலை மேலிருந்து பார்ப்பது போல ஒரு வரைபடம். அறைகள், கதவுகள், உள்ளே சின்னச் சின்ன மனிதர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருக்கும் பேனலைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை.

முதலில் கிடைக்கும் கப்பலில் மூன்று பேர்தான். ரியாக்டர் எட்டு அலகு மின்சாரம் தரும். அதைக் கேடயம், எஞ்சின், ஆயுதம், பிராணவாயு, மருத்துவ அறை எல்லாவற்றுக்கும் பங்கிட வேண்டும். எட்டு அலகு போதாது என்பதுதான் விளையாட்டே. கேடயத்தின் ஒரு அடுக்குக்கு இரண்டு அலகு வேண்டும். எஞ்சினுக்குக் கொடுத்தால் எதிரியின் குண்டிலிருந்து விலகித் தப்பலாம். ஆனால் சுடுவதற்கு மின்சாரம் குறையும். காயம்பட்டவன் மருத்துவ அறைக்கு வரும்போது அந்த அறைக்கு மின்சாரம் எங்கிருந்தாவது பிடுங்கித் தர வேண்டும். மாதக் கடைசியில் குடும்பம் நடத்திய எந்த இல்லத்தரசிக்கும் இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

சண்டையில் ஜெயித்தால் கிடைக்கும் செல்வத்துக்குப் பெயர் 'ஸ்கிராப்'. ரயில்வேக்காரனுக்கு இதைவிடப் பழகிய சொல் வேறு உண்டா? அந்தப் பழைய இரும்பைக் கொடுத்துத்தான் எரிபொருள் வாங்க வேண்டும், கப்பலின் உடைசலைச் சரிசெய்ய வேண்டும், கேடயத்தை வலுப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒருபோதும் போதாது. எதை இன்று செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தீர்மானிப்பதுதான் ஆட்டக்காரரின் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது தீ அணைக்கும் முறை. எதிரியின் அடியில் ஓர் அறையில் தீப்பிடித்தால், ஆட்களை அனுப்பி அணைக்கலாம். அவர்களுக்குக் காயம் படும். அல்லது ஆட்களை வெளியேற்றிவிட்டு, விண்வெளிப் பக்கம் உள்ள கதவைத் திறந்துவிடலாம். பிராணவாயு வெளியே போய்விடும். தீ தானே அடங்கிவிடும். பிறகு கதவை மூடி, காற்று நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். எதிரி ஆட்கள் கப்பலுக்குள் புகுந்துவிட்டாலும் இதே உபாயம் பலிக்கும். ஆனால் கதவை மூட மறந்தால் நம் ஆட்களே மூச்சுத் திணறிப் போவார்கள். ஒரு பழுதைச் சரிசெய்யும் நடவடிக்கை இன்னொரு பழுதுக்கு வழி வைக்கக் கூடாது என்பது பொறியியலின் பால பாடம். அதைப் புத்தகம் இல்லாமலே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு நல்ல அம்சம், ஸ்பேஸ் விசையைத் தட்டினால் சண்டை அப்படியே உறைந்து நிற்கும். நிதானமாக யோசித்து உத்தரவுகளைக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் ஓடும். ஆகவே விரலின் வேகம் இதில் பெரிதில்லை. அறுபது வயதைத் தாண்டியவரும் பதினெட்டு வயதுப் பையனும் சமமாக ஆடலாம். நான் பரபரக்கும்போதெல்லாம் பேரன் சொல்வான்: "தாத்தா, முதல்ல நிறுத்துங்க. அப்புறம் யோசிங்க." சந்தேகம் வந்தால் பாதுகாப்பான வழியையே எடு என்று நாங்கள் ரயில்வேயில் படித்த விதியும் இதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் கப்பல் வெடித்தால் ஆட்டம் முடிந்தது. நடுவில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடரலாம். ஆனால் நேற்றைய இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி ஆட முடியாது. இறந்த மாலுமி இறந்தவன்தான். ஒன்றரை மணி நேரம் பாடுபட்டு ஏழாம் மண்டலம் வரை வந்த கப்பலாக இருந்தாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போதும் பழைய வழியை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு முறையும் வழியும், கடைகளும், எதிரிகளும் புதிதாக மாறியிருக்கும்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு 'ரோக்லைக்' என்று பெயர். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற விளையாட்டிலிருந்து வந்த பெயர் அது. அதில் படமே கிடையாது, எழுத்துகளும் குறிகளும்தான். ஆனால் பாதாளச் சுரங்கம் ஒவ்வொரு முறையும் மாறும், செத்தால் மீட்சியில்லை. அந்த இரண்டு விதிகளும் இன்றுவரை வழிவழியாக வருகின்றன.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. பரமபதத்தில் தாயக்கட்டை என்ன சொல்கிறதோ அதுதான் விதி. பெரிய பாம்பு கடித்தால் பழையபடி அடிவாரத்துக்கே வந்துவிடுவோம். ஆடுபுலி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. மூன்று புலியும் பதினைந்து ஆடும் நம் புத்திக்குக் கட்டுப்பட்டவை. எஃப்.டி.எல். இந்த இரண்டின் கலப்பு. என்ன வரும் என்பது தாயம். வந்ததை வைத்து என்ன செய்வது என்பது ஆடுபுலி. என்னைக் கேட்டால் வாழ்க்கையும் ஏறத்தாழ இந்தக் கலப்புதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சில சமயம் தாயம் அளவுக்கு மீறிச் சதி செய்கிறது. மூன்று கடைகளில் தேடியும் நல்ல ஆயுதம் ஒன்றும் கிடைக்காமல் போவது உண்டு. உதவி கேட்டவர்களுக்கு இரங்கி ஆளை அனுப்பினால், ராட்சதச் சிலந்தி அவனைக் கொன்றுவிட்டது என்று ஒரே வரியில் செய்தி வரும். கடைசிக் கப்பலின் கடுமை, அதுவரை வந்த பாதைக்குப் பொருத்தமே இல்லாதது. 'சுலபம்' என்ற தரத்தில் ஆடியே என் கப்பல் பதினான்கு முறை வெடித்தது. கடைசி எதிரியை ஒரே ஒரு முறைதான் வென்றேன். ஆட்டத்தின் வாசகங்கள் நிறைய. பொறுமையாகப் படிக்க வேண்டும். எதிரி சரணடைகிறேன் என்று பொருள் கொடுக்க முன்வரும்போது, ஏற்றுக்கொண்டு விட்டுவிடுவதா, அழித்து முழுவதையும் எடுப்பதா என்று கேட்பார்கள். பேரனும் நானும் அதிகம் வாதாடியது இந்த இடத்தில்தான். பென் பிரன்டி என்பவரின் இசை மட்டும் குறையற்றது. அமைதியான பயணத்தில் கேட்கும் அதே ராகம் சண்டையில் வேகம் கூடி ஒலிக்கும்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? என் பேரன் சென்ற ஆண்டு நுழைவுத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வாங்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அம்மா ஆறுதல் சொன்னாள், அப்பா கோபித்தார், இரண்டும் பலிக்கவில்லை. அந்த நாட்களில்தான் இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக் கொடுத்தான். ஒவ்வொரு கப்பல் போனதும் அவன் ஒரு நோட்டில் எழுதுவதைப் பார்த்தேன். "கேடயம் இரண்டாம் அடுக்கு தாமதம்." "பைலட்டை எழுப்பித் தீயணைக்க அனுப்பினேன். அடியிலிருந்து விலக முடியவில்லை." ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆட்டம். அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை.

நம்மில் பலர் பிழைப்புக்காகக் களியக்காவிளை தாண்டி வந்த குடும்பங்கள். வந்த இடத்தில் ஒரு முறை சறுக்கினால் தாங்கிப் பிடிக்கச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. ஆகவே தோல்வி என்றால் நமக்கு ஒரு நடுக்கம். அதைச் சொத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்துவிடுகிறோம். முதல் முயற்சியிலேயே மருத்துவம், முதல் முயற்சியிலேயே பொறியியல் என்று எதிர்பார்க்கிறோம். தோற்றுப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடமே நாம் வைக்கவில்லை.

ஆனால் நாம் வாழும் ஊரே வேறு கதை சொல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. பின்னாளில் இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான் எஸ்.எல்.வி.-3 உருவாயிற்று. திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்பட்ட அந்த ராக்கெட், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவினால் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களைத் தானே சந்தித்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பொறியாளர்கள் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. முதல் ராக்கெட் திரும்பக் கிடைக்கவில்லை. அது கற்றுத் தந்தது மட்டும் கையில் இருந்தது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிர் உள்ள இடத்தில் தோற்றுப் பார்த்துக் கற்கும் உரிமை யாருக்கும் இல்லை. தண்டவாளம் உடைந்தாலோ மின்சாரம் போனாலோ ரிலே விழுந்து சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும்படி அமைத்திருப்பது அதனால்தான். ரயில் ஓட்டுநர்களுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி கொடுப்பதும் அதனால்தான். தோல்வியை எங்கே பழகுவது, எங்கே ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது என்ற வேறுபாடு தெரிந்தவனே நல்ல பொறியாளன். விளையாட்டுக்களம் முதல் வகை இடம். பள்ளித் தேர்வும் அந்த வகையைச் சேர்ந்ததே என்பதை நாம்தான் மறந்து போகிறோம்.

பேரன் இந்த ஆண்டு மறுபடியும் தேர்வுக்குப் படிக்கிறான். மாதிரித் தேர்வின் விடைத்தாள் வந்ததும் அதே நோட்டின் மறுபக்கத்தில், எந்தக் கேள்வி ஏன் போயிற்று என்று ஒரு வரி எழுதுகிறான். முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பாட்டு மேஜையில் பேசுகிறான்.

நம் இல்லங்களில் உள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அதை வார விடுமுறைக்கு என்று ஒதுக்குங்கள், பாடநாளில் வேண்டாம். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். ஆட்டம் முடிந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல், "கப்பல் எதனால போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை உற்சாகமாக விவரம் சொல்லும். மார்க்கு ஷீட் வரும் நாளிலும் அதே கேள்வியை அதே குரலில் கேட்க அது நமக்கும் ஒரு பயிற்சி.