சித்திரையைத் தாங்குமா?

கொங்கு வீடு – தொடர் 11

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். கோவையில் கோனியம்மன் தேர் ஓடும் மாசியும், பேரூர்ப் பட்டீசுவரருக்குத் தேர் இழுக்கும் பங்குனியும் இதற்குள் அடங்கும். பெயரில் பனி இருந்தாலும் கொங்குச் சமவெளியில் அந்தப் பனிக்கு ஆயுள் குறைவு. பிப்ரவரியில் விடிகாலையில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் வெப்பம் மதியத்துக்குள் 33-ஐத் தொடும். மார்ச்சில் 35-ஐத் தாண்டும். காலையில் போர்வையும் மதியத்தில் மின்விசிறியும் வேண்டியிருக்கிற இந்த வாரங்களில்தான் கோவை வீடுகளில் புதிய ஆசைகள் துளிர்க்கின்றன. நர்சரிக்குப் போய்ப் பூச்செடி வாங்குகிறோம். உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாகத் திண்ணையில் உட்காருகிறோம். பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய்க்குட்டி வீட்டுக்குள் வருகிறது. மூன்றுமே நல்ல ஆசைகள். ஆனால் இந்த முடிவுகளை நாம் காலைக் குளிரில் எடுக்கிறோம். அவற்றின் பலனைச் செடியும் நாயும் சித்திரை மாத மதியத்தில் அனுபவிக்கின்றன. பின்பனிக்காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் எதையும், விலகிப்போகிற குளிரை வைத்து அல்ல, வரப்போகிற வெயிலை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

தோட்டத்திலிருந்து தொடங்கலாம், அங்கேதான் சான்று கண்ணெதிரே நிற்கிறது. மாசியில் நர்சரி வாசலில் பெட்டூனியாவும் பேன்சியும் பூத்துக் குலுங்கும். இரண்டும் குளிர் விரும்பும் செடிகள். ஊட்டியில் மே மாத மலர்க் கண்காட்சியிலும் அழகு காட்டும். கோவையில் பங்குனி முடிவதற்குள் வதங்கிவிடும். தக்காளிகூடப் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் மகரந்தம் வலுவிழந்து பூவை உதிர்க்கும். செடி பச்சையாகவே நிற்கும், காய் மட்டும் பிடிக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து நாம் மேலும் உரம் போட்டுக்கொண்டிருப்போம். உழவர்கள் தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம், ஆடிப்பட்டம் என்று வைத்திருக்கிற கணக்கு இதைவிடத் தெளிவானது. விதைக்கிற நாளோடு நின்றுவிடாமல் பூக்கிற நாளையும் காய்க்கிற நாளையும் அது பார்க்கிறது. தையிலும் மாசியிலும் ஊன்றத் தோதானவை வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கீரை, புடலை, பீர்க்கு, பாகல். இவற்றில் புடலைக்கும் பீர்க்குக்கும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்கள் உண்டு. இந்த ஊர் வெயிலிலேயே வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தவை. புடலை விதைக்குத் தோல் கடினம். இரவு முழுக்க ஊறவைத்து, தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் செம்மண்ணும் கலந்த பையில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். விளிம்பெல்லாம் வெள்ளை நூலாகப் பிரிந்து நிற்கும் அதன் பூ, பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். பிஞ்சு வளையத் தொடங்கினால் நுனியில் சிறு கல்லை நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள்; அந்தக் கனத்தில் காய் நேராக நீளும். மாசியில் ஊன்றியது சித்திரையில் காய்க்கும். அதற்குள் பந்தலை இலை மூடியிருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது மாடித் தளத்துக்கு நிழல் தருகிற செடி அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கோடையில் குடிக்கவே தண்ணீர் தட்டுப்படும்போது மாடியில் எதற்குத் தோட்டம்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், அடுத்த ஆண்டுக் கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு இறங்கியதும் கோவைக்காரர்கள் மறக்கக்கூடியவை அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று தாராளமாக வந்தாலும் மழை அவ்வளவு தாராளமாக வருவதில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் சமவெளி இது. ஆகவே இந்தக் கேள்வி என் வாதத்தை மறுக்கவில்லை, இன்னும் இறுக்குகிறது. எதை நட்டாலும் தண்ணீர்க் கணக்கோடு நட வேண்டும். கொங்கு வீடுகளில் பொடக்காலி என்கிற கொல்லைப்புறத்தில் முருங்கையும் வாழையும் கீரைப் பாத்தியும் இருந்ததற்குக் காரணம், அரிசி கழுவிய தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் அங்கே போய்ச் சேர்ந்ததுதான். மாடியிலும் அதே வழி செல்லும், சோப்புத் தண்ணீரை மட்டும் தவிர்த்தால். பொள்ளாச்சியில் மலைபோலக் குவியும் தென்னைநார்க் கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணின் மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஆவியாவது குறையும். பத்துத் தொட்டி வைக்க நினைப்பவர் அடுக்களைத் தண்ணீர் எத்தனை தொட்டிக்குப் போதும் என்று பார்த்து, நான்கோடு நிறுத்திக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. “நம்மூர் வெயிலுக்கு ஏற்றது என்று பேசுவது கடைசியில் அயல்நாட்டுப் பொருளெல்லாம் ஆகாது என்பதில்தான் போய் முடியும்; மிளகாயும் மரவள்ளியும் எங்கிருந்து வந்தன?” என்று கேட்கலாம். சரியான கேள்வி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த கம்போடியா பருத்தி, கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நிலைத்து, கோவை வட்டாரத்தின் செல்வத்துக்கே அடித்தளமானது. அதற்கு எதிரான அனுபவமும் உண்டு. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில்தான் இந்தியாவிலேயே முதலில் கண்டறியப்பட்டது. வீட்டுப் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருந்த அது, மல்பெரித் தோட்டங்களையும் மரவள்ளியையும் நாசமாக்கியது. மருந்தடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. கேடும் கடல் கடந்து வந்தது, காவலும் கடல் கடந்து வந்தது. எனவே ஒரு பொருளின் பிறந்த ஊரை நான் கேட்கவில்லை. இந்த மண்ணோடும் வெயிலோடும் தண்ணீரோடும் அது ஒத்துப்போகிறதா என்பதை மட்டுமே கேட்கிறேன்.

ஊசி வேலைக்கும் இதே கேள்வி பொருந்தும். கடையில் உல்லன் என்று வாங்கும் நூல் பெரும்பாலும் ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக் இழை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தை ஏற்கும். அக்ரிலிக் 2 சதவீதம்கூட ஏற்காது. அதனால் வியர்வை உடம்பிலேயே நிற்கும். பேரக் குழந்தைக்கென்று மாசியில் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர் பங்குனியில் முடியும்போது அலமாரிக்குத்தான் போகிறது. இத்தனைக்கும் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து நூல் நூற்றே பெயரெடுத்த ஊர் இது. மிக மெல்லிய நூலுக்குப் பேர்போன சுவின் பருத்தி உருவாகி, 1974-ல் வெளியானதும் இங்கேதான். பக்கத்திலேயே திருப்பூர். எந்திரம் துடைக்கப் பட்டறைகளுக்குப் போகும் பனியன் வேஸ்டை நீளவாக்கில் கிழித்து, பெரிய கொக்கி ஊசியால் பின்னினால் கால்மிதியும் கூடையும் ஆகும். மெல்லிய பருத்தி நூலில் குரோஷா போட்டால் சன்னல் திரைக்கு ஓரமும், சித்திரையில் குழந்தைக்குப் போட ஏற்ற தொளதொளச் சட்டையும் கிடைக்கும். பக்கத்தில் நீலகிரி இருக்கிறதே, அங்கே உல்லன் தேவைதானே என்பார்கள். தேவைதான், மலைக்குப் போகிறவருக்குப் பின்னிக்கொடுங்கள். ஆனால் அந்த மலையிலேயே, சனவரியில் உறைபனி விழும் இடத்திலேயே, தோடர்கள் காலங்காலமாகப் போர்த்திய புத்துக்குளி தடித்த பருத்தித் துணி. தோடர் பெண்கள் அதில் கோடு எதுவும் வரையாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கறுப்பு, சிவப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். முன்புறமும் பின்புறமும் பார்க்கும்படி இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. பூவேலை நூல் இன்று உல்லனாக இருக்கிறது, உடம்பில் படுகிற துணி பருத்தியாகவே இருக்கிறது. பொழுதுபோக்கு என்பது அவரவர் விருப்பம், அதில் ஊரும் பருவமும் ஏன் நுழைய வேண்டும் என்று கேட்பவருக்கு என் பதில் இது: பின்னியதை ஒருவர் உடுத்தும்போதுதான் பின்னியவருக்கு நிறைவு. சமவெளியில் உடுத்தப்படுவது பருத்தி.

இந்த மண்ணில் உயிர்கள் எப்படி உடை உடுத்தியிருக்கின்றன என்பதற்கு மேச்சேரி ஆட்டைப் பார்த்தால் போதும். செம்மறிதான், ஆனால் உடம்பில் கம்பளி ரோமம் கிடையாது, குட்டை முடி மட்டுமே. சேலம், ஈரோட்டுப் பக்கத்து வெயிலில் வாழ்ந்து வந்த இனம் அது. செம்மறியே கம்பளி இல்லாமல் வாழும் ஊருக்கு நாம் சைபீரியன் ஹஸ்கியைக் கொண்டுவருகிறோம். இந்தத் தொடரில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் செடி வாடினால் பிடுங்கிவிடலாம், ஸ்வெட்டரை மடித்து வைத்துவிடலாம், நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நம்மோடு வாழ வேண்டிய உயிர். ஹஸ்கியின் ரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும்: மேலே நீண்ட முரட்டு முடி, அடியில் தோலே தெரியாதபடி அடர்ந்த பஞ்சு முடி. பனிக்கட்டியின் மேல் தூங்குவதற்கான உடை அது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக், புல்டாக் போன்றவற்றுக்கு அந்த வழியும் குறுகல். 2003-ல் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து நாடு முழுக்க அதை வாங்கினார்கள். கோடையில் அது மூச்சுக்குத் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

குளிர்சாதன அறை இருக்கிறதே என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். மின்சாரம் போகாத வீடு எது? அதோடு, ஓடுவதற்கென்றே பிறந்த நாயை நான்கு மாதம் அறைக்குள் அடைப்பதை வளர்ப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாட்டு இனம் என்றாலே எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் இனமாகப் பதிவானவை. குட்டை முடி, வெயில் தாங்கும் உடல். ஆனால் இராசபாளையத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன. சிப்பிப்பாறை வேட்டைக்கு ஓடிய நாய். அடுக்குமாடி வீட்டில் அது புழுங்கிப்போகும். ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துச் சாளைக்கும் காவல் நின்ற சாதாரண நாட்டு நாயே நகரத்து வீட்டுக்கும் பொருத்தமானது என்பது என் தீர்ப்பு. சொன்ன பேச்சுக் கேட்காது என்ற குறை, குட்டியிலிருந்தே பழக்காதவர்கள் சொல்வது. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து வளர்த்தால் அந்தத் தெருவுக்கும் நல்லது.

ஏற்கெனவே ஹஸ்கியோ பக்கோ வளர்ப்பவர்கள் இதைப் படித்து வருந்த வேண்டாம். அந்த உயிரைக் கைவிட்டுவிடவும் வேண்டாம். வெயில் வருகிறது என்று அதன் முடியை மொட்டையடிக்காதீர்கள். மேல்முடிதான் சூரியச் சூட்டைத் தோலில் படாமல் தடுக்கிறது. தினமும் சீவி, உதிரும் அடிமுடியை மட்டும் எடுங்கள். பங்குனியிலிருந்தே உண்ணி பெருகும்; காது மடலிலும் விரலிடுக்கிலும் தேடிப் பாருங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து, பொறுக்க முடிந்தால் மட்டும் நடக்க அழைத்துப் போங்கள். மூச்சிரைப்பு அடங்காமல், நாக்கு சிவந்து, தள்ளாடினால் வயிற்றிலும் தொடையிலும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்பட வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். புதிதாகக் குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதத்தில், பகல் இரண்டு மணிக்கு, மின்சாரம் இல்லாதபோது அந்த நாய் உங்கள் வீட்டில் எங்கே படுக்கும் என்று முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு வாங்குங்கள்.

(தொடரும்)